ரெசிடென்சி நடுவில் ராணுவ நிதியுதவி: ஓர் அறுவை மருத்துவர் எடுத்த முடிவு

இது அமெரிக்காவில் 2019 முதல் 2025 வரை நடந்தது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்கள் விடப்பட்டுள்ளன. சம்பளம், வரி பற்றிய தொகைகள் அந்தக் குடும்பம் அப்போது போட்டுப் பார்த்த கணக்கு; சட்டத்தில் உள்ள விதிகள் அப்படியே தரப்பட்டுள்ளன.

பின்னணி

2019 அக்டோபர். ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் பொது அறுவை சிகிச்சை ரெசிடென்சியின், அதாவது மருத்துவப் பட்டத்துக்குப் பின் சம்பளத்தோடு செய்யும் சிறப்புப் பயிற்சியின், இரண்டாம் ஆண்டில் இருந்தார் 29 வயதுப் பெண் மருத்துவர். ஐந்தாண்டுப் பயிற்சி, இன்னும் மூன்றே முக்கால் ஆண்டு மீதி. கணவர் பள்ளி ஆசிரியர். மருத்துவப் படிப்புக்கு வாங்கிய கடன் 2.6 லட்சம் டாலர். அத்தனையும் மத்திய அரசின் நேரடிக் கடன், சராசரி வட்டி 6.5 சதவீதம். ரெசிடென்ட் சம்பளம் ஆண்டுக்கு 60,000 டாலர். வட்டி மட்டும் ஆண்டுக்கு 16,900 ஏறுகிறது. அவர் 'பே' என்கிற வருமானம் சார்ந்த திட்டத்தில் மாதம் 300 டாலர் அளவில் கட்டிவந்தார். கட்டுவது வட்டியில் கால்பங்கைக்கூடத் தொடவில்லை. ஒவ்வொரு மாதமும் ஏறிய பாக்கியைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் ராணுவ ஆள்சேர்ப்பு அதிகாரியிடம் போனார்.

அவருக்கு முன்வைக்கப்பட்டது நிதியுதவித் திட்டம். ரெசிடென்ட்கள் மத்தியில் எஃப்.ஏ.பி. என்றால்தான் தெரியும். மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கான எச்.பி.எஸ்.பி. உதவித்தொகையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கல்லூரிக் கட்டணத்தைக் கட்டும். இது பட்டம் பெற்று, சிவிலியன் மருத்துவமனையில் ரெசிடென்சி செய்துகொண்டிருப்பவருக்குக் கையில் பணமாகக் கொடுக்கும்: ஆண்டுக்கு 45,000 டாலர் மானியம், அதோடு மாதம் 2,000 டாலருக்கு மேல் உதவித்தொகை. உதவித்தொகை ஆண்டுதோறும் மாறும். அவர்கள் மாதம் 2,300 என்று வைத்துக்கொண்டார்கள். ரெசிடென்சி வேலையும் அதன் சம்பளமும் அப்படியே தொடரும்.

பதிலுக்கு, ஒவ்வோர் ஆண்டு உதவிக்கும் ஓர் ஆண்டு முழுநேர ராணுவப் பணி, அதற்கு மேல் ஓர் ஆண்டு. ஓராண்டு வாங்கினால் இரண்டு, மூன்றாண்டு வாங்கினால் நான்கு. பயிற்சிக் காலத்தில் ஆண்டுக்கு 14 நாள் ராணுவப் பயிற்சிக்கும் போக வேண்டும்.

அமெரிக்காவில் பயிற்சி பெறும் தமிழ் மருத்துவர்கள் பலர் இதை விசாரிப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. ஜே-1, எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு எஃப்.ஏ.பி. கிடையாது; குடியுரிமை வேண்டும். வெளிநாட்டு மருத்துவர்களைச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டமும் 2016-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. குடியுரிமை பெற்றவர்கள் பாதுகாப்புச் சோதனைக்கான எஸ்.எஃப்.86 படிவத்தில் ஊரில் இருக்கும் பெற்றோர், உடன்பிறந்தோர், அங்குள்ள சொத்து, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் எழுத வேண்டும். அது தடையல்ல, ஆனால் நாளாகும். விட்டுப்போனதுதான் சிக்கலாகும்.

கவனித்தவை: பணம்

விண்ணப்பம், உடற்தகுதி, பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடிய மாதங்கள் பிடிக்கும் என்பதால், உதவி 2020 ஜூலையில் தொடங்கும் என்று கணக்கிட்டார்கள். அப்படியானால் மூன்றாண்டு உதவி, நான்காண்டுப் பணி.

14 நாள் பயிற்சியின்போது உதவித்தொகை நின்று, அதற்குப் பதில் அதிகாரிச் சம்பளம் வரும். எல்லாம் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 72,000 டாலர். அதிகாரி இந்தத் தொகையைத்தான் ஒரு தாளில் எழுதிக் காட்டியிருந்தார், மூன்றால் பெருக்கி. ஆனால் மானியம், உதவித்தொகை இரண்டுக்கும் வருமான வரி உண்டு. ரெசிடென்ட் சம்பளத்தின் மேல் இது ஏறுவதால் ஒரு பகுதி 22 சதவீதத்திலும் மீதி 24 சதவீதத்திலும் விழும். மாநில வரியும் சேர்ந்தால் 20,000 போய் 52,000 மிஞ்சும்.

அடுத்த வெட்டு அந்தத் தாளில் இல்லவே இல்லை. 'பே' திட்டத்தில் தவணை என்பது, வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்குக்கு மேலுள்ள வருமானத்தில் 10 சதவீதம். வருமானம் 72,000 கூடினால் தவணை ஆண்டுக்கு 7,200 கூடும். ஆக, கைக்கு வருவது 45,000 அளவில், மூன்றாண்டுக்கு 1.35 லட்சம்.

மறுபக்கத்தில் நான்காண்டுப் பணி. பயிற்சி முடித்த பொது அறுவை மருத்துவர் கேப்டன் நிலையில் அடிப்படைச் சம்பளம், வரியில்லாத வீட்டுப்படி, உணவுப்படி, மருத்துவர்களுக்கான சிறப்பூதியம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1.6 லட்சம் பெறுவார் என்றும், சிவிலியன் வேலையில் 3.5 லட்சம் கிடைக்கும் என்றும் வைத்தார்கள். வித்தியாசம் நான்காண்டுக்கு 7.6 லட்சம், வரி போக நாலரை முதல் ஐந்து லட்சம். 1.35 லட்சம் வாங்கிக்கொண்டு அதைவிட மூன்று மடங்குக்கும் மேல் விட்டுக்கொடுக்கிறார்கள். மருத்துவக் காப்பீடு, தவறுச் சிகிச்சை வழக்குகளில் அரசே பொறுப்பேற்பது போன்றவற்றைச் சேர்த்தாலும் இடைவெளி அடைபடவில்லை. குறைந்த சம்பளத் துறைகளான குழந்தை மருத்துவம், குடும்ப மருத்துவத்துக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். அறுவை மருத்துவருக்கு இப்படித்தான் வரும்.

கவனித்தவை: கடன் தள்ளுபடி

இந்த நிகழ்வில் மிகப் பெரிய விஷயம் இதுதான். பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி, அதாவது பி.எஸ்.எல்.எஃப்., 2007-இல் சட்டமானது. அரசு அல்லது லாப நோக்கற்ற நிறுவனத்தில் முழுநேரம் வேலை செய்துகொண்டே 120 தவணை கட்டினால் மீதிக் கடன் போய்விடும். அந்தத் தொகைக்கு மத்திய வருமான வரியும் இல்லை. அவருடைய ரெசிடென்சி லாப நோக்கற்ற மருத்துவமனையில். முழுநேர ராணுவப் பணியும் தகுதியான வேலைதான். ஆக எந்த வழியில் போனாலும் 2018 டிசம்பரில் தொடங்கிய தவணைகள் 2028 இறுதியில் 120-ஐத் தொட முடியும்.

அப்படியென்றால் எஃப்.ஏ.பி. பணத்தைக் கடனில் போடுவதற்கு அர்த்தமே இல்லை. எப்படியும் தள்ளுபடியாகப்போகும் தொகையைக் கைப்பணம் போட்டுக் குறைப்பதாகிவிடும். ஆனால் அவர் ராணுவத்தைத் தேடிப்போனதே கடனை அடைக்கத்தான்.

அப்போது இந்தத் தள்ளுபடியை யாரும் நம்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2018, 2019-இல் முதலில் விண்ணப்பித்தவர்களில் 99 சதவீதம் பேர் நிராகரிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. காரணங்களைப் பார்த்தால் பெரும்பாலும் தவறான வகைக் கடன், தவறான தவணைத் திட்டம், போதாத தவணை எண்ணிக்கை. மூன்றும் தொடக்கத்திலேயே சரிபார்க்கக்கூடியவை. அவர் அந்த வாரமே வேலைச் சான்றுப் படிவத்தை மருத்துவமனையிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினார். எத்தனை தவணை செல்லும் என்று எழுத்தில் பதில் வந்தபின்தான் கணக்கில் அதைச் சேர்த்தார். இந்த ஒழுங்கு முக்கியம். நம்பிக்கையின் பேரில் போட்ட கணக்காக அது இருக்கவில்லை.

கவனித்தவை: வேலை

அவருக்கு ஃபெலோஷிப், அதாவது ரெசிடென்சிக்குப் பின் ஒரு துணைத்துறையில் மேற்பயிற்சி, செய்யும் எண்ணம் இருந்தது. எந்தத் துறை என்று முடிவாகவில்லை. பெருங்குடல் அறுவை அல்லது விபத்து அறுவையும் தீவிர சிகிச்சையும். ஆள்சேர்ப்பு அதிகாரியிடம் நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டார்: ரெசிடென்சி முடிந்ததும் ஃபெலோஷிப்புக்குப் போக விடுவார்களா? ரெசிடென்சியை முடிக்க முடியாமல் போனால் என்ன ஆகும்? பணியிடத்தைத் தேர்ந்தெடுக்கலாமா? 14 நாள் பயிற்சி எந்த மாதத்தில் வரும்?

வாய்மொழியாக எல்லாவற்றுக்கும் இதமான பதில்தான் கிடைத்தது. ஒப்பந்தத்தைப் படித்தபோது வேறு மாதிரி இருந்தது. ஃபெலோஷிப்புக்கு ராணுவத்தின் தேர்வுக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஆண்டு அந்தத் துறையில் ராணுவத்துக்கு ஆள் தேவைப்பட்டால் உண்டு, இல்லையென்றால் நேராகப் பணி. ரெசிடென்சி நின்றுபோனாலும் பணிக் கடமை நிற்காது. பணியிடம் விருப்பம் மட்டுமே, உரிமை அல்ல. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ராணுவம் தன் தேவைக்காகத்தான் பணம் கொடுக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் இல்லாத வாக்கு எதற்கும் மதிப்பில்லை என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

14 நாள் விஷயத்தில் யாரும் எதிர்பார்க்காத முடிச்சு ஒன்று. அறுவை மருத்துவர்களுக்குத் தகுதிச் சான்று தரும் அமெரிக்க அறுவை வாரியம் ஒவ்வொரு பயிற்சி ஆண்டிலும் 48 வாரம் முழுநேரப் பணி கேட்கிறது. ஆக, ஆண்டுக்கு நான்கு வாரம்தான் விடுப்பு. ராணுவப் பயிற்சிக்குப் போகும் ஊழியரின் வேலையைச் சட்டம் காக்கும். வாரியத்தின் 48 வாரத்தைக் குறைக்காது. விடுப்பில் பாதி அங்கேயே போய்விடும்.

பணியில் இருந்த ஓர் ராணுவ அறுவை மருத்துவரிடம் பேசினார்கள். அபிப்பிராயம் கேட்கவில்லை, போன மாத அறுவைப் பட்டியலைக் கேட்டார்கள். நோயாளி விவரம் நீக்கி அவர் படித்துக் காட்டினார்: குடலிறக்கம் ஆறு, பித்தப்பை மூன்று, குடல் உள்நோக்கிப் பரிசோதனை பதினொன்று, தோலடிக் கொழுப்புக் கட்டிகள் சில, குடல்வால் ஒன்று. குடல் வெட்டி இணைக்கும் அறுவை ஒன்றுகூட இல்லை. அறுவை அரங்கு வாரத்துக்கு ஒன்றரை நாள்தான். கை மரத்துவிடக் கூடாதென்று மேலதிகாரியின் அனுமதி பெற்று, மாதம் ஒரு வார இறுதியில் இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள சிவிலியன் மருத்துவமனைக்கு ஓட்டிப்போய் வேலை செய்கிறார்.

அது ஒரு முகாமின் கதை மட்டும் அல்ல. ராணுவ மருத்துவமனைகளில் வருவோர் பெரும்பாலும் இளைஞர்கள், ஆரோக்கியமானவர்கள். பெரிய அறுவைகள் குறைவு. போர்முனைக்குத் தேவையான அறுவைத் திறனுக்கு ராணுவ மருத்துவத் துறையே வகுத்த அளவுகோலை எட்டிய பொது அறுவை மருத்துவர்கள் 2015-இல் சுமார் ஆறில் ஒருவர், 2019-இல் பத்தில் ஒருவர் என்று பின்னர் வெளியான ஆய்வு காட்டியது. பயிற்சி முடிந்த முதல் சில ஆண்டுகள்தான் அறுவை மருத்துவருக்குக் கை படியும் காலம். அந்த ஆண்டுகளை எங்கே கழிப்பது என்பதை இன்னொருவர் முடிவு செய்வார் என்பதே எஃப்.ஏ.பி.யின் உண்மையான விலை. டாலர் கணக்கு அதற்கு அடுத்ததுதான்.

முதல் முடிவு, 2020 ஜனவரி

கையெழுத்திடவில்லை. ராணுவப் பணியில் அவருக்கு விருப்பம் இருந்தது, இதை அவர் தெளிவாகவே சொன்னார். ஆனால் ஃபெலோஷிப் துறை முடிவாகாதபோது அந்த முடிவைத் தேர்வுக் குழுவின் கையில் கொடுக்க விரும்பவில்லை. கடனுக்குத் தள்ளுபடி வழி எழுத்தில் உறுதியாகியிருந்தது. நான்காம் ஆண்டில் மறுபடி பார்ப்பது, அதுவரை கணவர் வருமானம் தவணையில் சேராதபடி வரியைத் தனித்தனியாகத் தாக்கல் செய்வது, வேலைச் சான்றை ஆண்டுதோறும் அனுப்புவது என்று தீர்மானித்தார்கள்.

தாமதத்துக்கும் விலை உண்டு என்பது தெரிந்தே எடுத்த முடிவு இது. மூன்றாண்டு உதவிக்கு நான்காண்டுப் பணி. ஓராண்டு உதவிக்கு இரண்டாண்டுப் பணி. அந்தக் கூடுதல் ஓராண்டு எப்போது சேர்ந்தாலும் தலையில் ஏறும்.

அதே ஆண்டு, இன்னொருவர்

அவரோடு படித்த ஒரு ரெசிடென்ட் 2020-இல் எஃப்.ஏ.பி.யில் சேர்ந்தார். கல்லூரிக்கு முன் ஆறு ஆண்டு ராணுவ மருத்துவ உதவியாளராக இருந்தவர். ஃபெலோஷிப் எண்ணம் இல்லை. அவருக்குக் கணக்கே வேறு: பழைய ஆறு ஆண்டும் அடிப்படைச் சம்பளத்துக்கும் இருபதாண்டு ஓய்வூதியத்துக்கும் சேரும். எஃப்.ஏ.பி.யில் இருக்கும் பயிற்சி ஆண்டுகள் இரண்டுக்கும் சேராது, இதைப் பலர் சேரும் என்று நினைத்து ஏமாறுகிறார்கள்.

அவர் ஒன்றில் மட்டும் தடுக்கி எழுந்தார். முதல் மானியம் கைக்கு வந்ததும் வரி போக மிஞ்சியதைக் கடனில் கட்டினார். அப்போது பெருந்தொற்றுக்காக 2020 மார்ச் முதல் மத்தியக் கடன்களுக்கு வட்டி பூஜ்யம், தவணை பூஜ்யம். அந்த மாதங்கள் தள்ளுபடி எண்ணிக்கையிலும் சேர்ந்தன. கட்டவே தேவையில்லாத காலத்தில் கட்டிய பணம் அது. நல்லவேளையாக, நிறுத்தக் காலத்தில் தாமாகக் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம் என்ற வசதி இருந்தது. 2022-இல் கடன் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

2023 கோடையில் பணிக்குப் போனார். சிறிய முகாம், மேலே சொன்ன பட்டியலைப் போன்ற அறுவைகள். விருப்பத்தோடுதான் இருக்கிறார். அவர் கவனிக்க வேண்டியது ஒரு தேதி: பணிக் கடமை 2027 கோடையில் முடியும், 120-ஆவது தவணை 2028 இறுதியில்தான். நடுவிலுள்ள ஒன்றரை ஆண்டு அளவு காலத்தில் தனியார் குழுமத்துக்குப் போனால் தவணைக் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாம் முடிவு, 2021–22

நான்காம் ஆண்டில் முதலில் சொன்ன பெண் மருத்துவருக்குத் துறை தெளிவானது: தீவிர சிகிச்சை ஃபெலோஷிப், அதன்பின் விபத்து அறுவை. ராணுவத்துக்கு எப்போதும் தேவைப்படும் துறை அது. இப்போது முழுநேரப் பணி வேண்டாம், ரிசர்வில், அதாவது பகுதிநேர ராணுவப் பணியில், சேரலாம் என்று பார்த்தார்கள். ராணுவ ரிசர்வில் ஸ்ட்ராப் என்றொரு திட்டம் இருக்கிறது. ஆண்டு மானியம் கிடையாது, மாத உதவித்தொகை மட்டும். ஒவ்வோர் ஆறு மாத உதவிக்கும், அல்லது அதன் பகுதிக்கும், ஓர் ஆண்டு ரிசர்வ் பணி. சிவிலியன் மருத்துவமனையில் முழுநேரம் அறுவை செய்துகொண்டே மாதம் ஒரு வார இறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரம். போர்ப்பணிக்கு அழைத்தால் மருத்துவர்களுக்கு 90 நாள் சுழற்சி.

2022 ஜூலையில் தொடங்கி ஃபெலோஷிப் முடியும்வரை இரண்டாண்டு, அதாவது நான்கு ஆறு மாதங்கள், நான்காண்டுப் பணி என்று திட்டமிட்டார்கள். இடையில் ஒரு தவறல். 2022 மார்ச் இறுதியில் அவர் கண்ணாடி வேண்டாம் என்று லேசிக் செய்துகொண்டார். ராணுவ உடற்தகுதி விதிப்படி லேசிக்குக்குப் பிறகு 180 நாள் கழிய வேண்டும். தொடக்கம் அக்டோபருக்குத் தள்ளிப்போனது. 24 மாத உதவி 21 மாதமானது. ஆனால் கடைசி மூன்று மாதம் 'அதன் பகுதி' என்ற சொல்லில் அடங்கியதால் பணி நான்காண்டாகவே நின்றது. மூன்று மாதத் தொகை போனது, கடமை ஒரு நாள்கூடக் குறையவில்லை. மருத்துவத் தகுதிப் பட்டியலை விண்ணப்பத்துக்கு முன்பே படித்திருந்தால் லேசிக்கைத் தள்ளிப்போட்டிருக்கலாம். 13 வயதுக்குப் பிறகு வந்த ஆஸ்துமாவுக்கும் இப்படித்தான் விலக்கு கேட்டுக் காத்திருக்க நேர்கிறது.

பின்விளைவு

2024-இல் ஃபெலோஷிப் முடிந்து, லாப நோக்கற்ற விபத்துச் சிகிச்சை மையம் ஒன்றில் சேர்ந்தார். வேலையை ஏற்கும் முன் நிறுவனத்தின் வரி அடையாள எண்ணை வைத்துத் தள்ளுபடிக்குத் தகுதியுண்டா என்று சரிபார்த்தார். சில மருத்துவமனைகள் லாப நோக்கற்றவை என்றாலும் அறுவை மருத்துவருக்குச் சம்பளம் கொடுப்பது வேறு தனியார் குழுமமாக இருக்கும். பார்க்க வேண்டியது சம்பளச் சீட்டில் உள்ள பெயரை.

2025 இறுதியில் அவருடைய தவணை எண்ணிக்கை 80-ஐத் தாண்டியிருந்தது. 2023-இல் பலர் 'சேவ்' என்ற புதிய தவணைத் திட்டத்துக்கு மாறினார்கள். நீதிமன்றத் தடையால் 2024 கோடையில் அது முடங்கியபோது, முடங்கிய மாதங்கள் தள்ளுபடிக்குச் சேரவில்லை. இவர் 'பே'யிலேயே இருந்ததால் எண்ணிக்கை தொடர்ந்தது. 2025-இல் வந்த சட்டப்படி 'பே'யும் 2028 ஜூலைக்குள் மூடப்படும். கடைசி சில தவணைகளுக்கு ஐ.பி.ஆர். என்ற இன்னொரு வருமானம் சார்ந்த திட்டத்துக்கு மாற வேண்டியிருக்கும்.

ரிசர்வ் பணி நடந்துகொண்டிருக்கிறது. வார இறுதிகளைவிட மருத்துவமனைப் பணிப்பட்டியலோடு இரண்டு வாரத்தைப் பொருத்துவதுதான் அவருக்குச் சிரமமாக இருக்கிறது. துறைத் தலைவருக்கு ஆறு மாதம் முன்பே எழுத்தில் தேதி கொடுக்கிறார்.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

கடனுக்கும் ராணுவத்துக்கும் தனித்தனித் தாள் போட்டிருக்க வேண்டும். முதல் சில வாரங்கள் இரண்டையும் ஒரே கேள்வியாக வைத்துக் குழம்பியதில் போயின. வேலைச் சான்றுப் படிவம் ரெசிடென்சியின் முதல் ஆண்டிலேயே போயிருக்க வேண்டும்.

சேர விரும்புகிறவர், பணியில் இருக்கும் குறைந்தது மூன்று மருத்துவர்களிடம் அறுவைப் பட்டியலைக் கேட்க வேண்டும். பெரிய ராணுவ மருத்துவமனை ஒன்று, சிறு முகாம் ஒன்று, சமீபத்தில் பணி முடித்து வெளியே வந்தவர் ஒருவர். இந்த நிகழ்வில் ஒருவரிடம் மட்டும் கேட்டார்கள். முடிவு மாறியிருக்காது, ஆனால் ஒரு மாதப் பட்டியலை வைத்து நாலாண்டை எடைபோடுவது போதாது.

தொடக்கத் தேதியை ஆறு மாத எல்லையோடு பொருத்திக் கேட்க வேண்டும். எல்லையைத் தாண்டி ஓரிரு மாதம் மிஞ்சுமானால், அந்த மாதங்களுக்கு உதவி வேண்டாம் என்று எழுத்தில் சொல்ல முடியுமா என்று கையெழுத்துக்கு முன் கேட்டுவிட வேண்டும், இவர் கேட்கவில்லை. லேசிக், நீண்டகால மருந்து, அறுவை எதுவானாலும் முதலில் தகுதிப் பட்டியல், பிறகுதான் மருத்துவரிடம் தேதி.

ரெசிடென்சி இயக்குநரிடம் 14 நாள் விடுப்பைப் பற்றி விண்ணப்பத்துக்கு முன்பே பேச வேண்டும். கடைசி ஆண்டில் தலைமை ரெசிடென்ட்டாக இருக்கும்போது 200 அறுவை காட்ட வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டின் 14 நாளை எந்தச் சுழற்சியிலிருந்து எடுப்பது என்பதை அப்போதே பட்டியலில் குறித்துக்கொண்டால் பின்னால் சக ரெசிடென்ட்களின் தலையில் அந்த நாள்களின் இரவுப்பணி விழாது.